வயது வந்தோருக்கு பிரெஞ்சு ஏறாது என்பது பிழை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிரான்ஸில் 2024 ஜனவரி 26ஆம் திகதிய குடிவரவுச் சட்டத்தின் மொழி விதிகள் 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டன. பல வருட வதிவிட அட்டையை எடுக்க ஏ2, பத்து வருட அட்டையை முதல் தடவை எடுக்க பி1, பிரஜாவுரிமைக்கு பி2 என்று, ஏ1இல் தொடங்கி சி2 வரை ஏறும் ஐரோப்பிய மொழித் தகைமைப் படிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி வைத்திருக்கிறார்கள். முன்பு பத்து வருட அட்டைக்கு ஏ2, பிரஜாவுரிமைக்கு பி1 போதுமாக இருந்தது. இந்தச் செய்தி பரவிய நாளிலிருந்து பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதியிலும் கோயில் வாசலிலும் காலை ரெயிலிலும் ஒரே கதைதான் கேட்கிறது: "நாற்பது தாண்டினால் பிரெஞ்சு ஏறாது. இனி எங்களுக்கு ஒன்றும் நடக்காது."

இது பிழையான கதை. அதை நம்பி நல்ல மூளையுள்ள ஆக்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வடமராட்சியில் பிறந்தவள். இங்கே வந்து இறங்கும்போது வயது 37, பிரெஞ்சில் "போன்ஜூர்" தவிர ஒன்றும் தெரியாது. விடியற்காலையில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலையில் தொடங்கி, பிறகு ஒரு முதியோர் இல்லத்தில் தரை துடைக்கும் வேலைக்குப் போனேன். இப்போது அதே மாதிரி ஒரு இல்லத்தில் தாதி உதவியாளராக இருக்கிறேன். தெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தகைமைப் பரீட்சையில் பி2 சித்தி பெற்றது நாற்பதுகளின் நடுவில். ஆகவே நான் எழுதுவது யாரோ ஒரு ஆசிரியர் சொன்னதைக் கேட்டு அல்ல.

முதலில் தேவையில்லாத பயத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்குப் பத்து வருட அட்டை மொழிப் பரீட்சை இல்லாமலேயே கிடைக்கிறது. 65 வயது தாண்டியவர்களுக்கு வதிவிட அட்டைக்கான மொழி நிபந்தனை இல்லை. பிரஜாவுரிமைக்குத்தான் சலுகை மிகக் குறைவு: அகதியாக 15 வருடமாவது இங்கே ஒழுங்காக வாழ்ந்து 70 வயதும் தாண்டியவர்களை மொழி நிபந்தனையிலிருந்து விடுகிறார்கள். இந்த விவரம் தெரியாமல், பரீட்சையே தேவைப்படாத அம்மாக்கள் சிலர் நித்திரை இல்லாமல் இருக்கிறார்கள். மற்றவர்கள் படிக்கத்தான் வேண்டும். படிக்கவும் முடியும்.

எங்கள் ஆக்களுக்குப் பிரெஞ்சு வராததற்குக் காரணம் வயது இல்லை. ஒரு நாள் முழுக்க அது தேவைப்படாமலேயே வாழ வழி இருப்பதுதான். 1983க்குப் பிறகு வந்தவர்கள் கஷ்டப்பட்டு எல்லாவற்றையும் தமிழில் அமைத்து வைத்தார்கள். அரிசி, மரக்கறி தமிழில். வீடு தமிழில், கோயில் தமிழில். படிவம் நிரப்பித் தருபவரும் தமிழர். உணவகக் குசினியில் சமைப்பவரும் கோப்பை கழுவுபவரும் தமிழர். வந்து இறங்கிய ஒருவருக்கு அது பெரிய ஆறுதல். நான் அதைக் குறை சொல்லமாட்டேன், நானும் அந்த நிழலில் இருந்தவள்தான். ஆனால் அந்த நிழலுக்குள் எந்த வயதுக்காரருக்கும் புது மொழி வராது. இருபது வயதுப் பெடியனுக்கும் வராது.

என் கணவரையே எடுக்கிறேன். அவர் நீண்ட காலமாக ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் இருக்கிறார். பரிமாறுபவர் வந்து ஒரு மேசைக்கான ஓடரை வேகமாகச் சொல்லிவிட்டுப் போவார். எந்த இறைச்சி "செஞான்", எது "ஆ புவான்", எது "பியான் குயி" (இறைச்சியை எவ்வளவு வேகவைப்பது என்பதற்கான சொற்கள்), யாருக்கு வெங்காயம் வேண்டாம், யாருக்குச் சோஸ் தனியாக வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே தடவை கேட்டு, பிழையில்லாமல் தட்டுகளை அனுப்புவார். அந்தச் சத்தத்துக்குள், அந்த வேகத்தில், அதை விளங்கிக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம்! இதை எந்த வகுப்பிலும் அவருக்கு யாரும் படிப்பிக்கவில்லை. ஆனால் அதே மனிதர் மருத்துவரிடம் போனால் வாயைத் திறக்கமாட்டார். "எனக்குப் பிரெஞ்சு தெரியாது" என்பார். தெரியும். குசினியளவு நன்றாகத் தெரியும். அது அவருக்கு எப்படி வந்தது? ஒரே இடம், ஒரே வகை வசனங்கள், தினமும், தவறினால் உடனே தெரியவரும் வேலை. மருத்துவரின் அறைக்கும், பள்ளிக்கூடக் கூட்டத்துக்கும், வங்கிக்கும் அதே வழியில்தான் போக வேண்டும். பிரெஞ்சு மொழி முழுவதையும் ஒன்றாகப் படிக்கப் போனால் யாருக்கும் தலை சுற்றும். ஒரு அறையை எடுத்து, அந்த அறைக்குள் கதைக்க வேண்டிய அவ்வளவையும் சரியாகப் படித்து, பிறகு அடுத்த அறைக்குப் போகலாம்.

அடுத்தது காது. எங்கள் ஆக்கள் பலர் கொப்பி வாங்கி, பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்குகிறார்கள். இந்தக் கடிதத்தில் எனக்கு அதைத் தவிர வழியில்லை, ஆனால் படிக்கும்போது தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். பாண் என்பதற்கான சொல்லும் குளியல் என்பதற்கான சொல்லும் தமிழில் எழுதினால் இரண்டும் "பன்" ஆகிவிடும். மீனும் குடிபானமும் இரண்டும் "புவாசோன்" ஆகிவிடும். முதியோர் இல்லத்தில் இந்த நாலு சொல்லும் காலையிலிருந்து மாலை வரை வாயில் இருக்க வேண்டிய சொற்கள். ஒருவருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லும்போது அது மாறிப் போகக் கூடாது.

இதில் எங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இந்த இரண்டு ஒலியும் எங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. "பம்பரம்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தில் வருவதுதான் பாணின் ஒலி. "ம்ப" என்னும்போது இரண்டாவதாக வருவதுதான் குளியலின் ஒலி. தமிழில் அந்த இரண்டாவது ஒலி சொல்லின் தொடக்கத்தில் வருவதில்லை, அவ்வளவுதான் சிக்கல். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொன்னால் இரண்டாவதில் தொடக்கத்திலேயே அதிர்வது கைக்குத் தெரியும். "த" வரிசைக்கும் இதே வழிதான்: "தந்தை" என்பதில் இரண்டு ஒலியும் இருக்கின்றன.

எங்களிடம் இல்லாத ஒலி ஒன்று இருக்கிறது. தெரு என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லிலும், "மேலே" என்பதற்கான சொல்லிலும் அது வரும். அதை ஊ என்று சொன்னால் தெரு வண்டிச் சில்லாகிவிடும், மேலே என்பது கீழே ஆகிவிடும். அதற்கு வழி: வாய்க்குள் ஈ என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் ஊ சொல்வதுபோலக் குவிக்க வேண்டும். கண்ணாடிக்கு முன் நின்று பழகினால் கெதியாக வந்துவிடும். இதை எனக்கு ஒரு பேச்சுப் பயிற்சி நிபுணர் வேலைத்தலத்தில் காட்டித் தந்தார். பக்கவாதம் வந்த முதியவர்களுக்குக் கதைக்கப் பழக்க வருபவர் அவர். எந்தப் பிரெஞ்சுப் புத்தகமும் எனக்கு இவ்வளவு எளிதாகச் சொல்லித் தரவில்லை.

காதைப் பழக்க பாரிஸ் மெட்ரோவைப் பயன்படுத்துங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். இரண்டாம் இலக்க லைனில் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் இரண்டு தடவை சொல்கிறார்கள், முதல் தடவை குரல் மேலே போகும், இரண்டாவது தடவை இறங்கும். பெயர் கதவுக்கு மேலே எழுதியும் இருக்கிறது. லாச்சப்பலில் ஏறி நாசியோன் பக்கம் போனால் பெல்வில், கூரோன், மெனில்மோன்தான், பேர் லாஷேஸ் என்று வரும். எழுதியிருக்கும் எழுத்துகளில் எவை ஒலிக்கின்றன, எவை ஒலிக்கவில்லை, எது மூக்கால் வருகிறது என்று பார்த்துக்கொண்டே வாய்க்குள் சொல்லலாம். பெரிய இலக்கணப் புத்தகத்தைக் கடிப்பதற்கு முன் இது நல்ல தொடக்கம். காசும் செலவில்லை.

சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் கேட்டுப் பயப்படவும் தேவையில்லை. "வூ" என்பதும் "ஆவே" என்பதும் சேர்ந்தால் நடுவில் ஒரு ஒலி முளைத்து "வூஸாவே" ஆகிறது. புணர்ச்சி விதி படித்த எங்களுக்கு இது புதினமா? பேசும் மொழி ஒன்று, எழுதும் மொழி இன்னொன்று என்பதும் எங்களுக்குப் புதிதில்லை. புத்தகத்தில் "ஜெ ந சே பா" என்று இருக்கும், தெருவில் "ஷே பா" என்பார்கள். பிரெஞ்சு படிக்கும் ஆங்கிலேயர் இதைக் கேட்டுத் திணறுவார். வீட்டில் ஒரு தமிழும் கடிதத்தில் ஒரு தமிழுமாக வளர்ந்த எங்களுக்கு, ஒரு மொழிக்கு இரண்டு உடுப்பு உண்டு என்பது சின்ன வயதிலேயே தெரியும். இரண்டையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும் என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதும். வகுப்பில் மட்டும் படித்தவருக்கு வேலைத்தலத்தில் ஒன்றும் விளங்காது. வேலைத்தலத்தில் மட்டும் கேட்டவருக்குப் பரீட்சையில் எழுத வராது.

எழுத்துப் பக்கத்தை எனக்குத் திறந்து விட்டவர் ஒரு முன்னாள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நான் தரை துடைத்த அந்த இல்லத்தில் வசித்தவர். நடக்க முடியாது, ஆனால் மூளை கத்தி மாதிரி. பிற்பகல் நாலு மணிக்கு எல்லோருக்கும் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து முடிய, எனக்கு ஒரு வசனம் சொல்லி எழுத வைப்பார். அவர் வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் செய்த வேலை அது. கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாயால் சொல்வார். நான் எழுதிக் காட்ட, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலால் கோடு போடுவார். "அவன் சாப்பிடுகிறான்" என்பதும் "அவர்கள் சாப்பிடுகிறார்கள்" என்பதும் காதுக்கு ஒரே ஒலி. எழுத்தில்தான் வித்தியாசம்: வினையின் கடைசியில் இரண்டு எழுத்தும், முன்னால் வரும் சொல்லில் ஒரு எழுத்தும் கூடும். கேட்டு மட்டும் பிரெஞ்சு பிடித்தவர்கள் எல்லோரும் விழும் இடம் அது.

அவர் சொல்லித் தந்த ஒரு உபாயத்தை உங்கள் வாசகர்களுக்குத் தருகிறேன். இங்குள்ள பிள்ளைகள் பள்ளியில் படிப்பதுதான், ஆனால் பெரியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. "மான்ஜே" என்று ஒலிக்கும் சொல்லை "சாப்பிட" என்ற பொருளில் ஒரு மாதிரியும் "சாப்பிட்ட" என்ற பொருளில் இன்னொரு மாதிரியும் எழுத வேண்டும். எது என்று சந்தேகம் வந்தால், அந்த இடத்தில் விற்பதற்கான வினையைப் போட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். "வான்த்ர்" பொருந்தினால் ஒரு எழுத்து முறை, "வான்த்யு" பொருந்தினால் மற்றது. விற்பதற்கான வினையில் இரண்டும் வெவ்வேறாக ஒலிப்பதால் காதே பதில் சொல்லிவிடும். பொருள் சரியாக இருக்க வேண்டியதில்லை, ஒலி பொருந்தினால் போதும். எனக்கு இன்றைக்கும் தினமும் உதவுகிறது. எங்கள் வேலையில் ஆட்கள் வேலைநேரம் மாறும் ஒவ்வொரு தடவையும் அடுத்து வருபவர்களுக்குக் குறிப்பு எழுதி வைக்க வேண்டும்: இன்னார் மதியம் குறைவாகச் சாப்பிட்டார், இன்னார் இரவில் இரண்டு தடவை எழும்பினார், இன்னாருக்கு இடது காலில் சிவப்பு. சின்ன வசனங்கள். ஆனால் அடுத்தவர் அதை வாசித்துத்தான் வேலை செய்வார் என்பதால் ஒவ்வொரு எழுத்தும் சரியாக இருக்க வேண்டும். பரீட்சைக்கு வேண்டிய எழுத்து எனக்கு அந்தக் குறிப்புகளிலிருந்துதான் வந்தது.

முதியவர்களோடு கதைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு மொழி பழக அவர்களைவிட நல்ல துணை இல்லை என்பது என் உறுதியான கருத்து. அவர்களுக்கு நேரம் இருக்கிறது. மெதுவாகக் கதைப்பார்கள். ஒரே கதையை நாலு நாளும் சொல்வார்கள், நாலாவது நாள் உங்களுக்கு முழுவதும் விளங்கும். யாரும் அவர்களைக் கேட்பதில்லை, நீங்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். இதற்கு முதியோர் இல்லத்தில் வேலை செய்யத்தான் வேண்டும் என்று இல்லை. எங்கள் கட்டடங்கள் ஒவ்வொன்றிலும் தனியாக இருக்கும் ஒரு பிரெஞ்சுப் பாட்டி இருப்பார். லிஃப்டில் "போன்ஜூர்" சொல்வதோடு நிற்காமல், அவருடைய சந்தைப் பையைத் தூக்கிக் கொடுத்து இரண்டு வசனம் கதைத்துப் பாருங்கள்.

பெண்பால், ஆண்பால் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்த தலையிடிதான். ஒன்று மட்டும்: உயிரொலியில் தொடங்கும் சொற்களை "லோப்பித்தால்", "லஸான்ஸேர்" என்று பாடமாக்கினால் அது எந்தப் பால் என்பது மறைந்துவிடும். எப்போதும் "ஒரு" என்ற பொருளில் வரும் சொல்லை முன்னால் போட்டே பாடமாக்குங்கள்.

எண்கள் அதைவிட முக்கியம். இங்கே தொலைபேசி இலக்கத்தை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்வார்கள். எழுபது என்றால் அறுபதும் பத்தும். எண்பது என்றால் நாலு இருபது. தொண்ணூற்றொன்பது என்றால் நாலு இருபதும் பத்தொன்பதும். மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் ஒரு பெண் வேகமாகச் சொல்ல, "அறுபது" என்று கேட்டதும் நாங்கள் 6 என்று எழுதிவிடுவோம், பிறகுதான் தெரியும் அது 76 என்று. அதற்குள் அவர் அடுத்த இரண்டு எண்ணுக்குப் போயிருப்பார். (சுவிஸில் லோசான், ஜெனிவா பக்கம் இருக்கும் எங்கள் சொந்தங்கள் கொடுத்து வைத்தவர்கள், அங்கே எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நேரான சொல் இருக்கிறது.) இதற்கு ஒரே வழி, ஒருவர் சொல்ல மற்றவர் எழுதிப் பழகுவது. சமைத்துக்கொண்டே செய்யலாம். பிள்ளைகளுக்கு இது விளையாட்டாக இருக்கும்.

பிள்ளைகள் என்றதும் எனக்கு மனதில் கிடந்து உறுத்துவதைச் சொல்ல வேண்டும். ஒரு மருத்துவ நிலையத்தின் காத்திருக்கும் அறையில், பத்துப் பதினொரு வயதிருக்கும் ஒரு தமிழ்ப் பையன், தன் தாயின் பெண்கள் சம்பந்தமான வருத்தத்தை வரவேற்பில் இருந்தவருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பாதி விளங்கவில்லை, விளங்கிய பாதி அவன் கேட்கக் கூடாதது. தாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தாயை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு வேறு ஆள் இல்லை. ஆனால் நாங்கள் பிரெஞ்சு படிக்காமல் விடுவதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். அட்டைக்காகவும் பிரஜாவுரிமைக்காகவும் மட்டும் படிக்கிறோம் என்றால், அட்டை கிடைத்ததும் விட்டுவிடுவோம். சொந்த உடம்பைப் பற்றிச் சொந்த வாயால் சொல்ல முடிய வேண்டும் என்று படித்தால் அது நிற்கும். அதனால்தான் முதல் "அறை" மருத்துவரின் அறையாக இருக்கட்டும் என்கிறேன். எங்கே நோகிறது, எப்போதிருந்து, குத்துகிறதா எரிகிறதா, என்ன மருந்து எடுக்கிறேன், என்ன ஒத்துக்கொள்ளாது. ஒரு மாதத்தில் படித்துவிடலாம்.

பரீட்சை பற்றிச் சுருக்கமாக. தெல்ஃப் சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லும். தே-சே-எஃப், தே-எ-எஃப் என்ற மற்ற இரண்டு பரீட்சைகளின் முடிவுகள் இரண்டு வருடம்தான் செல்லும். அவசரம் இல்லாதவர்கள் தெல்ஃப் எடுப்பது நல்லது. அதில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. மொத்தம் நூற்றுக்கு 50 எடுக்க வேண்டும், ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. ஆகவே நன்றாகக் கதைக்கும் ஒருவர் எழுத்தில் பலவீனமாக இருந்தாலும் சித்தி பெற வழி உண்டு, எழுத்தை முற்றாகக் கைவிட்டால் வழி இல்லை. பி1இல் கதைக்கும் பகுதி எங்கள் ஆக்களுக்கு வரும்: கடைக்காரரோடோ வீட்டு உரிமையாளரோடோ ஒரு பிரச்சினையைக் கதைத்துத் தீர்ப்பது மாதிரி இருக்கும். பி2 வேறு. ஒரு சின்னக் கட்டுரையைத் தந்து, அரை மணித்தியாலம் யோசிக்க விட்டு, அதைப் பற்றி உங்கள் கருத்து என்ன, ஏன் என்று கேட்பார்கள். நீங்கள் சொல்வதை மறுத்தும் கதைப்பார்கள். எங்களில் பலருக்குப் பிரெஞ்சில் ஒன்றைக் கேட்கத் தெரியும், நன்றி சொல்லத் தெரியும், ஆனால் "நான் இதை ஏற்கவில்லை, காரணம் இது" என்று சொல்லிப் பழக்கமே இல்லை. வேலையில் யாரும் எங்கள் கருத்தைக் கேட்பதும் இல்லை. அதைத் தனியாகப் பழக வேண்டும். நான் செய்தது இதுதான்: ஆர்.எஃப்.ஐ வானொலி எளிய பிரெஞ்சில் தினமும் பத்து நிமிடச் செய்தி தருகிறது, எழுத்து வடிவமும் இணையத்தில் உண்டு. முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேட்பேன், பிறகு பார்த்துக்கொண்டு கேட்பேன், பிறகு வாசிப்பவரோடு சேர்ந்து உரத்துச் சொல்வேன். கடைசியில் ஒரு செய்தியை எடுத்து, ஏற்கிறேனா இல்லையா என்று மூன்று வசனம் வாயால் சொல்வேன். சுவருக்குத்தான் சொன்னேன். சரி, சுவர் மறுத்துக் கதைக்காது, ஆனால் வாய் பழகும். தே-வே-சேங்க் தொலைக்காட்சியின் இலவசப் பயிற்சிகளும் ஏ1 முதல் பி2 வரை படிப்படியாக இருக்கின்றன, நல்லவை. கைத்தொலைபேசி விளையாட்டுச் செயலிகள் சொற்களை நினைவில் வைக்க உதவும், கதைக்க வைக்காது.

"சான்றிதழ் எடுத்துத் தருகிறோம், வரத் தேவையில்லை" என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள் என்று கேள்வி. அவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். பொய்ச் சான்றிதழ் பிடிபட்டால் போவது காசு மட்டும் அல்ல, அட்டையும்தான். இன்னொன்று: பாதி நேரமாவது வேலை செய்பவருக்கு அரசின் பயிற்சிக் கணக்கில் (சே-பே-எஃப்) பொதுவாக வருடம் 500 யூரோ சேர்கிறது, மொத்தம் 5,000 வரை. அதைச் சான்றிதழோடு முடியும் பிரெஞ்சு வகுப்புக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அந்தக் கணக்கைப் பற்றித் தொலைபேசியில் கூப்பிட்டு விற்பதை 2022 டிசம்பர் சட்டம் தடை செய்துவிட்டது. அப்படிக் கூப்பிடுபவர் யாராக இருந்தாலும் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

காசில்லாமல் படிக்கவும் இடம் உண்டு. பிள்ளை படிக்கும் பள்ளியிலேயே பெற்றோருக்கு அரசு நடத்தும் இலவசப் பிரெஞ்சு வகுப்பு பல இடங்களில் இருக்கிறது, அதிபரிடம் கேட்டால் எந்தப் பள்ளியில் என்று சொல்வார். சமூக மையங்களில் வகுப்புகள் உண்டு. நூலகங்களில் கதைத்துப் பழகும் வட்டங்கள் உண்டு. ஆனால் இவற்றில் எங்கள் ஆக்களை நான் காண்பது குறைவு. காரணம் சோம்பல் இல்லை. வகுப்பு நடக்கும் நேரத்தில் அவர்கள் குசினியில் நிற்பார்கள், அல்லது விடியப் போய் வந்து படுத்திருப்பார்கள்.

இங்கேதான் எங்கள் தமிழ்ப் பள்ளிகளிடம் நான் கேட்பது வருகிறது. வார இறுதியில் பிள்ளைகளைத் தமிழ் படிக்கக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பெற்றோர் இரண்டு மூன்று மணித்தியாலம் வெளியே நிற்கிறார்கள். குளிரில் காருக்குள் இருக்கிறார்கள், வாசலில் நின்று கதைக்கிறார்கள், தொலைபேசி பார்க்கிறார்கள். எங்கள் ஆக்களுக்கு வாரத்தில் உறுதியாகக் கிடைக்கும் ஓய்வு நேரம் அது ஒன்றுதான். அவர்களுக்கு ஒரு அறை திறந்து விடுங்கள். கரும்பலகையும் பாடப் புத்தகமும் அவசியமில்லை. ஓய்வு பெற்ற பிரெஞ்சு ஆசிரியர்கள் நான் இருக்கும் லா கூர்னேவ் பக்கத்தில் நிறையப் பேர் சங்கங்கள் வழியாக இலவசமாகப் படிப்பிக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். இங்கே பிறந்து வளர்ந்து பல்கலைக்கழகம் போகும் எங்கள் பெரிய பிள்ளைகளும் வரலாம், ஆனால் சொந்தத் தாய் தகப்பனுக்கு அல்ல, மற்றவர்களின் தாய் தகப்பனுக்கு. சொந்தப் பிள்ளைக்கு முன் தடுமாற எங்களுக்கு வெட்கம், சொந்தத் தாய்க்குச் சொல்லித்தர அவர்களுக்குப் பொறுமை இல்லை.

ஒரு மாதத்துக்கு ஒரு "அறை" போதும். முதல் மாதம் மருத்துவர். அடுத்தது பள்ளிக்கூடக் கூட்டம். அப்புறம் வீட்டில் தண்ணீர் ஒழுகும்போது கட்டட நிர்வாகத்துக்குத் தொலைபேசி எடுப்பது, சம்பளத் துண்டு வாசிப்பது, மேலதிக நேரக் காசு வரவில்லை என்றால் முதலாளியிடம் கேட்பது. ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் மருத்துவர், ஒருவர் நோயாளி என்று மாறி மாறிக் கதைக்க வேண்டும். அந்த அறைக்குள் தமிழ் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும், விளங்காததைக் கேட்க. பிள்ளைகள் அடுத்த அறையில் "அறம் செய விரும்பு" சொல்லிக்கொண்டிருக்க, பெற்றோர் இந்த அறையில் படிப்பதைப் பார்த்தால், தமிழ் படிக்கப் பிள்ளைகளை வற்புறுத்தவும் தேவையிராது என்று நினைக்கிறேன்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். வாரம் கால் பக்கம் ஒதுக்கி, வயது வந்த பிறகு பி1, பி2 எடுத்த எங்கள் ஆக்கள் எப்படிப் படித்தார்கள் என்று அவர்களையே எழுத வையுங்கள். சமையல்காரர், சாரதி, கடை வைத்திருப்பவர், வீட்டில் இருக்கும் அம்மா, ஒவ்வொருவரின் வழியும் வேறாக இருக்கும். எந்த ஊரில் எந்தப் பள்ளியில் இலவச வகுப்பு, எந்த நேரம் என்ற விவரத்தையும் கீழே போடுங்கள். முதல் கட்டுரைக்கு ஆள் கிடைக்காவிட்டால் நானே எழுதித் தருகிறேன். லா கூர்னேவ், சேன்-தெனி, ஓபர்வில்லியே பக்கத்தில் எந்தத் தமிழ்ப் பள்ளி அறை திறந்தாலும், ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத வாரங்களில் வந்து மருத்துவராகவோ நோயாளியாகவோ உட்கார்ந்து கதைக்கவும் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லா கூர்னேவ், பிரான்ஸ்.